நர்சிங் பள்ளியில் பணம் கட்டுமுன்: தென்னாப்பிரிக்காவில் அங்கீகாரம் பார்க்கும் வழி

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. வெள்ளைச் சீருடையில் ஒரு பெண், கையில் ரிப்பன் கட்டிய சான்றிதழ், இரண்டு பக்கமும் அப்பா அம்மா. டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் பட்டமளிப்புப் படம் மாட்டாத வீடு குறைவு என்பதால் வந்த புதிதில் நான் அதைக் கவனிக்கவில்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. டர்பன் நகரத்துக்குள் ஒரு கடைமாடியில் நடந்த பள்ளியில் அவள் 18 மாதம் பணம் கட்டிப் படித்திருக்கிறாள். அந்தப் பள்ளி நர்சிங் கவுன்சிலின் ஏட்டிலேயே இல்லை. சான்றிதழை எடுத்துக்கொண்டு மூன்று மருத்துவமனை ஏறி இறங்கினாள். மூன்று இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "உங்கள் கவுன்சில் நம்பர் என்ன?"

"யூனிஃபார்ம் எல்லாம் கொடுத்தாங்களேம்மா, எப்படிச் சந்தேகப்படுறது?" என்று அவளுடைய அம்மா என்னிடம் கேட்டார். யூனிஃபார்ம் எந்தத் துணிக்கடையிலும் தைத்துக் கிடைக்கும். அதை அப்போது அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம் நர்சிங் படித்தவள். கோயில் கோபுர வேலைக்கு வந்த கணவரோடு டர்பன் வந்து, என் சொந்தத் தாள்களை இந்த நாட்டில் செல்லுபடியாக்க நாயாய் அலைந்தவள். இப்போது பிள்ளைகளை நர்சிங்கில் சேர்க்க நினைக்கும் குடும்பங்களும், ஊரிலிருந்து நர்ஸ் படிப்போடு வந்து இறங்கும் பெண்களும் என்னிடம் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று பட்டது.

முதலில் ஒன்று: அங்கீகாரம் யார் தருவது?

"பள்ளி அங்கீகாரம் பெற்றதா?" என்று கேட்டால் எந்தப் பள்ளியும் ஆமாம் என்றுதான் சொல்லும். கேட்கவேண்டியது, "யாருடைய அங்கீகாரம், எந்தப் படிப்புக்கு, எந்த வளாகத்துக்கு?" என்று.

நர்ஸ் தொழிலைப் பொறுத்தவரை கடைசி வார்த்தை தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலுடையது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இங்கே எல்லோரும் 'சேங்க்' என்பார்கள். அலுவலகம் பிரிட்டோரியாவில், ஆர்க்கேடியா பகுதியில், பிரிட்டோரியஸ் தெருவில் இருக்கிறது. கட்டடத்துக்கு சிசிலியா மகிவானே என்று பெயர். 1908-இல் பதிவு பெற்ற முதல் கறுப்பினப் பெண் நர்ஸ் அவர். பதிவு என்பது இந்த மண்ணில் பழைய சங்கதி. நர்ஸ்களை அரசு ஏட்டில் பதிவதற்கான சட்டம் உலகிலேயே முதலில் வந்தது 1891-இல் கேப் காலனியில்தான். அதனால் "பதிவெல்லாம் பெயருக்குத்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது நடப்பில் இருப்பது 2005-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் நர்சிங் சட்டம். பதிவில்லாமல் நர்ஸ் வேலை பார்க்கக்கூடாது என்பதும், கவுன்சிலின் அங்கீகாரம் இல்லாமல் எந்த நிறுவனமும் நர்ஸ் பயிற்சி தரக்கூடாது என்பதும் அதில் இருக்கின்றன.

கவுன்சில் மட்டும் போதுமா என்றால், போதாது. நர்சிங் இப்போது முழுக்க உயர்கல்விக்குள் வந்துவிட்டது. அதனால் பாடத்தின் தரத்தை உயர்கல்விக் கவுன்சில், அதாவது சி.எச்.இ., தனியாகப் பரிசோதித்து அங்கீகரிக்கிறது. அந்தத் தகுதியை, படிப்புகளை நிலைநிலையாக வரிசைப்படுத்தும் தேசியத் தகுதிச் சட்டகத்தில் பதிந்து ஓர் அடையாள எண் தருவது தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான சாக்வா. தனியார் பள்ளி என்றால் நான்காவதாக ஒன்றும் உண்டு. தனியார் உயர்கல்வி நிறுவனமாக உயர்கல்வித் துறையில் அது பதிந்திருக்கவேண்டும். மருத்துவமனைக் குழுமங்கள் நடத்தும் பெரிய நர்சிங் கல்லூரிகளும் இந்த விதிக்கு விலக்கல்ல.

ஆக, அரசுக் கல்லூரி என்றால் மூன்று இடம், தனியார் என்றால் நான்கு இடம். இதில் ஒன்று குறைந்தாலும் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படிப்பு, எந்த எண்?

நர்சிங் உலகில் படிப்புகளை எண்ணால்தான் அழைப்பார்கள். 'ஆர்' என்று தொடங்கும் அந்த எண், படிப்பின் விதிகள் வெளியான அரசிதழ் அறிவிப்பின் எண். வார்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டால் "நீ 425-ஆ, 171-ஆ?" என்றுதான் கேட்பார்கள். புதிதாக வருபவருக்கு லாட்டரிச் சீட்டு எண் மாதிரி இருக்கும். ஆனால் இந்த எண்களைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று வேலையைத் தடுத்துவிடலாம்.

இன்று மேட்ரிக், அதாவது இங்கே பன்னிரண்டாம் வகுப்பு, முடித்த பிள்ளைக்குத் திறந்திருக்கும் வழிகள் இவை. ஓராண்டு ஹையர் சர்டிபிகேட், ஆர் 169, தேசியச் சட்டகத்தில் 5-ஆம் நிலை. முடித்தால் ஆக்ஸிலரி நர்ஸ். மூன்றாண்டு டிப்ளமோ, ஆர் 171, 6-ஆம் நிலை. முடித்தால் ஜெனரல் நர்ஸ். நான்காண்டுப் பட்டம், ஆர் 174, 8-ஆம் நிலை. முடித்தால் ப்ரொஃபெஷனல் நர்ஸ், கூடவே மருத்துவச்சிப் பதிவும்.

பழைய நான்காண்டுப் படிப்பான ஆர் 425, இங்கே வேலை பார்க்கும் பல சிஸ்டர்கள் படித்தது அதுதான், நல்ல படிப்பு. ஆனால் பழைய திட்டங்களில் புதிதாகச் சேர்வதற்குக் கடைசி நாள் 2019 டிசம்பர் 31. அதற்குப் பிறகு ஒரு பள்ளி "நாங்கள் என்ரோல்டு நர்ஸ் கோர்ஸ் நடத்துகிறோம், பிரிட்ஜிங் கோர்ஸ் நடத்துகிறோம்" என்று புதிய மாணவர்களைக் கூப்பிட்டால், அங்கிருந்து பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். பெரியம்மா அந்த வழியில், என்ரோல்டு நர்ஸாகத் தொடங்கி பிரிட்ஜிங் கோர்ஸ் முடித்து, சிஸ்டர் ஆனார் என்பது உண்மையாக இருக்கலாம். அவர் காலத்தில் அந்தக் கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய குழப்பம் இன்னொன்று. ஆன்சிலரி ஹெல்த் கேர், ஹோம் பேஸ்டு கேர், கேர்கிவர் என்ற பெயர்களில் குறும்படிப்புகள் உண்டு. சில மாதம் முதல் ஓராண்டு வரை ஓடும். சுகாதாரத் துறைப் பயிற்சி வாரியமான எச்.டபிள்யூ.செட்டாவின் அங்கீகாரமும் அவற்றுக்கு உண்மையாகவே இருக்கலாம். அதில் தப்பே இல்லை. முதியோர் இல்லத்திலோ வீட்டிலோ நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அது பயன்படும். ஆனால் அதை முடித்தவர் நர்ஸ் ஆகமாட்டார், கவுன்சில் அவரைப் பதியாது. 'ஆன்சிலரி', 'ஆக்ஸிலரி' என்ற இரண்டு சொல்லும் காதுக்கு ஒரே மாதிரிக் கேட்பதுதான் சிக்கல். ஓரிரு எழுத்து மாறினால் வாழ்க்கையே வேறு. எங்கள் தெருப் பெண் மாட்டிக்கொண்டதும் இந்த இடத்தில்தான். சீருடை போட்டு, ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுக்கொடுத்து, சுவரில் செட்டா சான்றிதழையும் மாட்டிவைத்து, விளம்பரத்தில் மட்டும் 'நர்சிங்' என்று போட்டிருந்தார்கள்.

சரிபார்க்கும் வேலை

ஒரு சனிக்கிழமை காலையை இதற்கு ஒதுக்குங்கள். எங்கள் சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போய்க் கீரை வாங்கிக்கொண்டு வரும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட நர்சிங் கல்வி நிறுவனங்களின் பட்டியல் மாகாணவாரியாக இருக்கிறது. டர்பன் இருக்கும் மாகாணமான குவாசூலு-நடாலைத் திறந்து பள்ளியின் பெயரைத் தேடுங்கள். பெயர் கிடைத்துவிட்டது என்று மூடிவிடாதீர்கள். அங்கீகாரம் நிறுவனத்தின் பெயருக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை. குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட வளாகத்துக்குத்தான். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் தலைமை வளாகத்துக்கு ஆர் 171 நடத்த அனுமதி இருப்பதால், அதே பெயரில் டர்பனில் திறந்த கிளைக்கும் அனுமதி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆர் 169 நடத்த அனுமதி பெற்ற பள்ளி ஆர் 171 நடத்தலாம் என்பதும் இல்லை. பெயர், ஊர், படிப்பின் எண், மூன்றும் ஒரே வரியில் பொருந்தவேண்டும்.

அடுத்து சாக்வா எண். பள்ளியிடம் அதைக் கேட்டு வாங்கி, சாக்வாவின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வரும் பக்கத்தில் படிப்பின் பெயர், நிலை, கிரெடிட் எண்ணிக்கை, நடத்தும் நிறுவனம் எல்லாம் இருக்கும். டிப்ளமோவுக்குக் குறைந்தது 360 கிரெடிட், நான்காண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 480. நிறுவனத்தின் பெயர் நீங்கள் பணம் கட்டப்போகும் பள்ளியின் பெயராக இருக்கவேண்டும். வேறொரு கல்லூரியின் எண்ணைத் துண்டறிக்கையில் அச்சடிப்பதற்கு யாருக்கும் பெரிய செலவு கிடையாது.

தனியார் பள்ளி என்றால் உயர்கல்வித் துறையின் பதிவேட்டையும் பாருங்கள். பதிவு பெற்ற நிறுவனம் தன் பதிவு எண்ணை விளம்பரத்திலும் கடிதத் தாளிலும் போட்டிருக்கும். அந்த எண்ணில் ஆண்டும் 'எச்.இ.' என்ற எழுத்துகளும் வரும். அதைக் கேட்டால் சிலர் கம்பெனிப் பதிவுச் சான்றிதழை எடுத்து நீட்டுவார்கள். அது கம்பெனிகளைப் பதியும் அலுவலகமான சி.ஐ.பி.சி. தருவது. மீன்கடை வைப்பவரும் அதை வாங்கலாம். 'ரிஜிஸ்டர்டு' என்ற ஒரே சொல்லைக் காட்டி எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பள்ளி அலுவலகத்தில் கேட்கும் சில பதில்களுக்கு அர்த்தம் சொல்லிவிடுகிறேன். "அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்றால் இன்றைக்கு இல்லை என்று அர்த்தம். "அங்கீகாரம் பெற்ற கல்லூரியோடு இணைந்திருக்கிறோம்" என்றால் அந்த இன்னொரு கல்லூரியின் பெயரைக் கேட்டு, அங்கேயே போன் போட்டு விசாரிக்கவேண்டும். "கோர்ஸ் முடிந்ததும் கவுன்சில் பரீட்சைக்கு நாங்களே அனுப்பிவிடுவோம்" என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை, ஏன் என்று கீழே சொல்கிறேன். "இன்றைக்கே கட்டினால் பதிவுக் கட்டணத்தில் தள்ளுபடி" என்றால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இன்னும் ஒரு கேள்வி முக்கியம்: "மருத்துவமனைப் பயிற்சி எங்கே?" நர்சிங் படிப்பில் பாதி உயிர் வார்டில்தான் இருக்கிறது. அங்கீகாரம் தரும்போது கவுன்சில் எந்த மருத்துவமனைகளில், எந்த கிளினிக்குகளில் பயிற்சி நடக்கும் என்பதையும் பார்க்கிறது. அந்த இடங்களின் பெயரைப் பள்ளி தயங்காமல் சொல்லவேண்டும். சொன்னால், அந்த மருத்துவமனையில் தெரிந்த சிஸ்டர் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள். இந்த ஊரில் தமிழ்க் குடும்பத்தில் ஒரு சிஸ்டராவது இல்லாமல் இருக்காது. காவடிக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே சிஸ்டராக இருப்பார்.

என்னைக் கேட்டால், முதல் முயற்சி அரசு வழியாகவே இருக்கட்டும். குவாசூலு-நடால் நர்சிங் கல்லூரிக்கு மாகாணம் முழுக்க வளாகங்கள் உண்டு. சாட்ஸ்வர்த்தில் 1969-இல் திறந்த ஆர்.கே. கான் மருத்துவமனையிலேயே ஒன்று இருக்கிறது. பட்டப்படிப்புக்கு டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் குவாசூலு-நடால் பல்கலைக்கழகமும் உண்டு. இந்த இரண்டுக்கும் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பிக்கவேண்டும். மேட்ரிக் ஆண்டின் நடுவிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். ரிசல்ட் வரட்டும் என்று ஜனவரி வரை காத்திருப்பவர்கள்தான் கடைமாடிப் பள்ளிகளின் வாடிக்கையாளர்கள். இடம் கிடைக்காத ஏமாற்றத்தில், பிள்ளை ஒரு வருடம் சும்மா இருக்கக்கூடாதே என்ற பயத்தில், கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுகிறார்கள். ஒரு வருடம் சும்மா இருப்பது 18 மாதத்தைத் தொலைப்பதைவிட மலிவு. நாட்டின் மாணவர் உதவித்தொகைத் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ்., அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் எனப்படும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும்தான். தனியார் பள்ளிக்காரர் "அந்தப் பணம் வரும், முதலில் முன்பணம் கட்டுங்கள்" என்றால் அதுவும் சரியில்லை.

சேர்ந்த பிறகு செய்யவேண்டியவை

பள்ளி சரியானதுதான் என்று தெரிந்து சேர்த்துவிட்டீர்கள். அத்தோடு வேலை முடிந்துவிடவில்லை.

நர்சிங் மாணவரைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே கவுன்சிலில் மாணவராகப் பதியவேண்டும். பள்ளிதான் அந்தத் தாள்களை அனுப்பும். பதிந்ததும் கவுன்சில் ஒரு குறிப்பு எண் தரும். வாழ்நாள் முழுக்க அந்த நர்ஸின் அடையாளம் அதுதான். மருத்துவமனைகளில் எங்கள் தெருப் பெண்ணிடம் கேட்ட 'கவுன்சில் நம்பர்' இதுதான். முதல் சில மாதத்துக்குள் அந்த எண் கைக்கு வராவிட்டால் பள்ளியை விடாமல் கேளுங்கள். "எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது பதில் ஆகாது. பதிவுக்கு முன் செய்த பயிற்சி கணக்கில் வராமல் போகும் ஆபத்து இருக்கிறது. மேலே சொன்ன "முடிந்ததும் அனுப்புவோம்" என்ற பேச்சில் சந்தேகம் வரவேண்டியதற்குக் காரணம் இதுதான்.

பிள்ளையின் பயிற்சி நேரங்களை எழுதும் பதிவுப் புத்தகத்தை மாதம் ஒருமுறை போட்டோ எடுத்து வையுங்கள். கையெழுத்தும் தேதியும் தெரியும்படி எடுக்கவேண்டும். பிற்காலத்தில் அந்தப் படங்கள் எவ்வளவு மதிப்புள்ளவை என்று பின்னால் வரும் என் கதையில் தெரியும்.

வேலை தேடும்போது

படிப்பு முடிந்ததும் பள்ளி, மாணவர் முடித்துவிட்டார் என்று கவுன்சிலுக்கு அறிக்கை அனுப்பும். அதன் பிறகு கவுன்சில் பதிவு செய்யும். நான்காண்டுப் பட்டம் முடித்த தென்னாப்பிரிக்கக் குடிமகளாக இருந்தால் முதலில் சமூகசேவை ஆண்டு. அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ ஓராண்டு, சம்பளத்தோடு. பெயரில் சேவை இருப்பதால் சம்பளம் கிடையாது என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இடத்தை அரசு ஒதுக்கும். தொலைதூர ஊர்களான நாங்குத்துவோ நோங்கோமாவோ கிடைத்தால் அம்மாக்கள் கண்ணைக் கசக்குவார்கள். ஆனால் அந்த ஓராண்டில் கற்கும் சூலு மொழியும் பிரசவ அனுபவமும் டர்பனில் ஐந்தாண்டு இருந்தாலும் வராது. இது என் கருத்து, பிள்ளைகள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

இந்த வரிசையில் அங்கீகாரம் எங்கே வருகிறது என்று பாருங்கள். அங்கீகாரமில்லாத பள்ளி என்றால் மாணவர் பதிவு இல்லை. மாணவர் பதிவு இல்லையென்றால் நர்ஸ் பதிவு இல்லை. நர்ஸ் பதிவு இல்லையென்றால் சமூகசேவை ஆண்டும் இல்லை, வேலையும் இல்லை. வேலை கொடுப்பவருக்கு இதைச் சரிபார்ப்பது இரண்டு நிமிட வேலை. கவுன்சிலின் மின்பதிவேட்டில் எண்ணைப் போட்டால் யாருக்கு எந்தப் பதிவு இருக்கிறது, இந்த ஆண்டுக் கட்டணம் கட்டியாயிற்றா என்று வந்துவிடும். தனியார் மருத்துவமனை, நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சி எல்லோருமே அதைத்தான் பார்க்கிறார்கள். சிபாரிசு இங்கே செல்லாது.

சிஸ்டர்களின் தோளில் மெரூன் நிறப் பட்டை பார்த்திருப்பீர்கள், எபோலெட் என்பார்கள். அதன்மேல் குறுக்கே ஓடும் சிறு கம்பிகள் கூடுதல் தகுதிகளைக் காட்டும். பச்சைக் கம்பி என்றால் மருத்துவச்சி. அந்தந்தத் தகுதியில் கவுன்சிலில் பதிந்தவர்தான் அதை அணியலாம். சிஸ்டர் வேலையில் இருக்கும் பெண்ணைப் பார்க்க அரசு மருத்துவமனைக்குப் போகும் மாமியார்கள் முகத்தை விட்டுவிட்டுத் தோளைப் பார்ப்பது எனக்குப் பிடித்த காட்சி.

பதவி உயர்விலும் இந்த விஷயம் திரும்ப வந்து நிற்கும். அரசு மருத்துவமனைகளில் 2007 முதல் நர்ஸ்களுக்குத் தனிச் சம்பள அமைப்பு இருக்கிறது. பொதுப்பிரிவு ப்ரொஃபெஷனல் நர்ஸ் பி.என்.-ஏ2 என்ற சம்பளப் படியில் இருப்பார். தீவிர சிகிச்சை, அறுவை அரங்கு, குழந்தைகள் பிரிவு போன்ற சிறப்புப் பிரிவு என்றால் பி.என்.-பி1. அந்த வேலைக்கான விளம்பரங்களை வாசித்துப் பாருங்கள். 'குறைந்தது ஓராண்டு நீளமுள்ள, ஆர் 212 அறிவிப்பின்படி கவுன்சில் அங்கீகரித்த மேற்படிப்பு' என்ற வரி வரும். ஐ.சி.யு.வில் பத்தாண்டு வேலை பார்த்தேன் என்பது மட்டும் அதற்குப் போதாது. ஆர் 212 பழைய திட்டம். இப்போது அந்த இடத்தில் ஆர் 635 முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் ஏதோ ஒரு நிறுவனத்தில் 'ஐ.சி.யு. சான்றிதழ்' வாங்கியவர்கள் நேர்முகத் தேர்வு வரை போய்த் திரும்பிய கதைகள் எனக்குத் தெரியும். படிப்பு நல்லதாகவே இருந்திருக்கலாம், கவுன்சில் ஏட்டில் ஏறாத படிப்புக்கு அந்த மேசையில் மதிப்பில்லை.

மேலே படிக்க நினைத்தால்

படிப்புகளுக்குப் படிக்கட்டு மாதிரி நிலைகள் இருக்கின்றன, ஒரு படியைத் தாண்டிக் குதிக்க விடமாட்டார்கள். ஆர் 171 டிப்ளமோ 6-ஆம் நிலை. அதற்கடுத்து 7-ஆம் நிலையில் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மருத்துவச்சிப் படிப்பு அப்படித்தான் வருகிறது. அதற்கடுத்து 8-ஆம் நிலையில் முதுநிலை டிப்ளமோ, சிறப்புப் பிரிவுகள் எல்லாம் அங்கே. 9 முதுகலை, 10 முனைவர். நான்காண்டுப் பட்டம் படித்தவர் முதலிலேயே 8-ஆம் நிலையில் நிற்பதால் முதுகலைக்கு நேராகப் போகலாம். டிப்ளமோக்காரர் ஒவ்வொரு படியாக ஏறவேண்டும், முதுகலைக்கு முன் படிக்கு ஓராண்டு.

அதனால் டிப்ளமோவா பட்டமா என்று யோசிக்கும்போது இன்றைய கட்டணத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பிள்ளைக்கு ஆசிரியராகும் ஆசையோ ஆராய்ச்சி ஆசையோ இருந்தால், மதிப்பெண்ணும் இடம் கொடுத்தால், பட்டத்துக்கே முயலுங்கள். வார்டு வேலை பிடித்து, சீக்கிரம் சம்பாதிக்கவேண்டிய வீடு என்றால் டிப்ளமோவில் ஒரு குறையும் இல்லை.

பழைய ஆர் 425 கல்லூரி டிப்ளமோ வைத்திருக்கும் அக்காக்களுக்கு ஒரு வார்த்தை. சில பல்கலைக்கழகங்கள் முதுநிலைக்கு நேராகச் சேர்க்காமல் இடையில் ஒரு படிப்பைக் கேட்கும். ஏற்கெனவே கற்றதையும் அனுபவத்தையும் கணக்கில் எடுக்கும் முன்கற்றல் மதிப்பீடு வழியாகவும் சேர முடியும், அதற்கென்று விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் மின்னஞ்சலில் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாடு போக நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா எங்கே போனாலும் அந்த நாட்டுப் பதிவு அமைப்பு, இங்கே உங்களைப் பதிந்த கவுன்சிலிடமிருந்து நேரடியாகச் சரிபார்ப்பு கேட்கும். உங்கள் கையால் கொண்டுபோகும் நகல் செல்லாது. அமெரிக்க மாநிலங்கள் பெரியவர், குழந்தை, தாய்சேய், மனநலம் என்று பகுதிபகுதியாக எத்தனை மணி நேரம் வகுப்பும் பயிற்சியும் நடந்தது என்று பள்ளியிடமிருந்தே கேட்டு வாங்கும். பள்ளி ஒழுங்காகப் பதிவு வைத்திருக்கிறதா என்பது பத்தாண்டு கழித்து உங்கள் விசாவில் வந்து நிற்கும்.

ஊரிலிருந்து நர்ஸ் படிப்போடு வருபவர்களுக்கு

இது என் சொந்த அனுபவம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விமானம் ஏறுமுன்னே, ஊரில் இருக்கும்போதே, செய்யவேண்டியது நிறைய. நான் இங்கே வந்து இறங்கிய பிறகு ஆரம்பித்தேன், அதுதான் தப்பு. நான் படித்த பள்ளி அதற்குள் கைமாறி, பழைய பதிவேடுகளை எங்கே வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. என் பயிற்சி நேரக் கணக்கைத் திருப்பி எடுக்க என் தம்பி பதினொரு முறை அந்த அலுவலகத்துக்குப் பேருந்தில் போனான். கடைசியில் எங்கள் பேட்ச் தோழி ஒருத்தி தன் பதிவுப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தாள். அதைக் காட்டித்தான் எங்கள் பாடத்திட்டமும் நேரமும் இன்னதென்று எழுதி வாங்க முடிந்தது. மேலே போட்டோ எடுக்கச் சொன்னேனே, அதற்குக் காரணம் இந்தக் கதைதான்.

தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டு நர்ஸ் பதிவுக்கு வழக்கமாக மூன்று இடத்தில் வேலை இருக்கும். சாக்வா உங்கள் பட்டத்தையோ டிப்ளமோவையோ மதிப்பிட்டு இங்கே எந்த நிலைக்குச் சமம் என்று சொல்லும். தேசியச் சுகாதாரத் துறையில் வெளிநாட்டுப் பணியாளர் பிரிவு ஒன்று இருக்கிறது, அதன் ஒப்புதல் கடிதம் வேண்டும். அப்புறம்தான் நர்சிங் கவுன்சில் உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும். தேவையென்றால் தேர்வு எழுதவும் சொல்லும்.

இந்த எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, ஊரில் நீங்கள் படித்த பள்ளியின் அங்கீகாரம்தான். இந்திய நர்சிங் கவுன்சில் ஆண்டுதோறும் அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியல் வெளியிட்டு வந்திருக்கிறது. நீங்கள் சேர்ந்த ஆண்டுப் பட்டியலில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய பட்டியலில் இருப்பது உங்கள் ஆண்டுக்கு உதவாது. பதிவு மாநிலக் கவுன்சிலில் நடந்திருக்கும். தமிழ்நாட்டில் படித்தவருக்குச் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில். சரிபார்ப்புத் தாள் அங்கிருந்துதான் நேராக வரவேண்டும். பி.எஸ்சி. படித்தவர்கள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் இரண்டு பிரதி கூடுதலாகவே வாங்கி, உறையைப் பிரிக்காமல் வையுங்கள். ஜி.என்.எம். படித்தவர்கள் சளைக்கவேண்டாம். மூன்றாண்டு டிப்ளமோ என்பதால் சமநிலை மதிப்பீட்டில் பட்டம் என்று வராது, அவ்வளவுதான்.

பெயர் விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு தனித் தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்து முன்னால், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று ஒருத்தியே மூன்று பேராக இருப்போம். இவையெல்லாம் ஒரே ஆள்தான் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை ஊரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இங்கே வந்து அதை விளக்குவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

பதிவு கைக்கு வந்ததும் ஒரு தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்: டிசம்பர் 31. ஆண்டுக் கட்டணத்தை அதற்குள் கட்டினால்தான் அடுத்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் வரும். தவறினால் பெயரை ஏட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், திரும்ப ஏற்றத் தனிக் கட்டணம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பாதி நாடு கடற்கரையில் இருக்கும் நேரம் அது. நான் நவம்பர் சம்பளம் வந்த அன்றே கட்டிவிடுகிறேன்.

எங்கள் தெருப் பெண் இப்போது அரசுக் கல்லூரி ஒன்றில் ஆர் 171 இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சேர்ந்த மூன்றாம் மாதம் கவுன்சிலிலிருந்து எண் வந்தபோது, அவளுடைய அம்மா அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து "இது நிஜம்தானாம்மா?" என்று என்னிடம் காட்டினார். மின்பதிவேட்டில் இருவருமாகத் தேடிப் பார்த்தோம். கூடத்தில் அந்தப் பழைய போட்டோ இன்னும் இருக்கிறது, எடுக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை.